எங்கள் பிளாட்டைப் படமெடுக்க எந்த வழி?

படம் முடிந்தபோது இரவு ஒன்றரை மணி. மூன்று பேர், ஒரு மடிக்கணினி, ஆறிப்போன மீ கோரெங். மேல் வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தச் சத்தம் படத்திலிருந்து வருகிறதோ என்று ஒரு கணம் குழம்பிப்போனேன்.

பார்த்தது அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மனின் 'பப்ளிக் ஹவுசிங்'. 1997இல் வந்தது, மூன்றேகால் மணி நேரம் ஓடும். சிகாகோவின் தென்பகுதியில் 1941இல் கட்டி முடிக்கப்பட்ட ஐடா பி. வெல்ஸ் என்ற அரசுக் குடியிருப்புதான் களம். பின்னணிக் குரல் கிடையாது, பேட்டி கிடையாது, இவர் இன்னார் என்று திரையில் பெயர்கூட வராது. பூச்சி மருந்து அடிப்பவர் ஒரு வீட்டுக்குள் போனால் கேமராவும் பின்னாலேயே போகும். குடியிருப்போர் மன்றத் தலைவி, வீடுகள் காலியாகக் கிடக்கும்போது ஒரு பெண்ணுக்கு ஏன் இடம் தரவில்லை என்று தொலைபேசியில் மல்லுக்கு நிற்பார். எதிர்முனையில் என்ன பதில் வருகிறது என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"இதே மாதிரி நம்ம பிளாட்ட எடுக்கலாம்டா" என்றான் கேமரா வைத்திருக்கும் நண்பன்.

"மூணு மணி நேரமா? நம்ம அம்மாவே பாக்க மாட்டாங்க" என்றாள் ஒலிப்பதிவு செய்யும் தோழி.

இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆசை வந்துவிட்டது, எப்படி எடுப்பது என்றுதான் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதம் பேசிப் பேசி நான்கு வழிகளுக்கு வந்து சேர்ந்தோம். அதில் மூன்றை அரைநாள் அரைநாளாக எடுத்தும் பார்த்தோம். எங்கள் நிலைமை இதுதான்: 20 நிமிடப் படம், மூன்று பேர், வார இறுதி மட்டும், செலவுக்குச் சம்பளத்தில் மிஞ்சுவது. இதே நிலைமையில் யாராவது இருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

களத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு பி.பி.ஆர். அடுக்குமாடி, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு வாடகைக்கு விடும் வீடுகள். எந்தப் பி.பி.ஆர். என்று கேட்க வேண்டாம், காரணம் பின்னால் வரும். 1998 பொருளாதார நெருக்கடி நேரத்தில் தேசியப் பொருளாதார நடவடிக்கை மன்றம் எடுத்த முடிவில் பிறந்த திட்டம் இது. 2005க்குள் புறம்போக்குக் குடியிருப்புகளே இருக்கக்கூடாது என்று இலக்கு வைத்து, ஆட்களை இங்கே ஏற்றினார்கள். மூன்று அறை, சுமார் 700 சதுர அடி, மாத வாடகை 124 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் தாத்தா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் போனதும் புறம்போக்கில் பலகை வீடு, அதை உடைத்ததும் ரூமா பாஞ்சாங் என்ற தற்காலிக நீள்வரிசை வீடு, அப்புறம் பதினோராவது மாடி. மூன்று தலைமுறைக்குள் நான்கு வீடு. இந்த வரிசையைக் கேட்டதும் 'ஆமாம், எங்க வீட்லயும்' என்று சொல்லும் தமிழர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது பேட்டி. ஆளை உட்கார வை, கேமராவைப் பார்த்துப் பேச விடு. அரசு வீடமைப்பைப் பற்றிய படங்களில் இது மிகப் பழைய வழி. 1935இல் ஆர்தர் எல்டனும் எட்கர் ஆன்ஸ்டியும் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் எடுத்த 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' கால் மணி நேரப் படம்தான். ஆனால் அந்தக் காலத்துக் கனமான ஒலிக் கருவிகளையும் விளக்குகளையும் இடிந்த வீடுகளுக்குள் கொண்டுபோய், குடியிருப்பவர்களையே பேச வைத்தார்கள். ஒரு பெண் வீட்டுக்குள் வந்த எலியைப் பற்றிச் சொல்வார். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் குரலில் இருக்கும் தெம்பு ஆச்சரியப்படுத்துகிறது. படத்துக்குக் காசு கொடுத்தது எரிவாயுத் தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய வீடு இடிந்து புதுப் பிளாட் வந்தால் எரிவாயு அடுப்பு விற்கும், அதுதான் அவர்கள் கணக்கு.

நாங்களும் முயன்றோம். ஒன்பதாவது மாடி அக்கா ஒருவர் சம்மதித்தார். பத்து மணிக்கு வரச் சொன்னார், போனோம். பட்டுப்புடவை கட்டியிருந்தார். குளியலறை வாசலில் எப்போதும் இருக்கும் வாளிகளைக் காணவில்லை. சோபாவில் புது உறை. கேமரா ஓடியதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, "இங்க எல்லாம் நல்லா இருக்கு. அரசாங்கத்துக்கு நன்றி. லிப்ட் மட்டும் கொஞ்சம் பிரச்சன" என்றார். நாற்பது நிமிடம் இப்படியே போனது. தமிழ்ச் செய்தியில் வருவது போன்ற தமிழ், நடுநடுவே ஒரு புன்னகை.

கேமராவை மூடினோம். தேத்தண்ணி வந்தது. அப்போதுதான் பேச ஆரம்பித்தார். கணவர் இறந்த அன்று லிப்ட் ஓடவில்லை. சவப்பெட்டியை ஒன்பது மாடி படியில் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை நிமிர்த்தித்தான் திருப்ப முடிந்தது. முன்பக்கம் பிடித்தது கீழ் வீட்டு மலாய்ப் பெரியவர். ஐந்தாவது மாடியில் யாரோ இரண்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். "அந்த நாற்காலி யாரு வீட்டுதுன்னு இன்னிக்கும் தெரியாது தம்பி."

பேட்டி வழியில் சிக்கல் இதுதான் என்று அன்று புரிந்தது. 1935இல் ஸ்டெப்னியில் வாழ்ந்தவர்களை அதற்கு முன் யாரும் அப்படிக் கேட்டதில்லை, அதனால் கொட்டினார்கள். எங்கள் ஆட்களைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்கிறார்கள். தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்க வருபவர்கள் கேட்கிறார்கள், தொலைக்காட்சியிலிருந்து வந்து கேட்கிறார்கள். கேமரா முன்னால் என்ன சொல்வது என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை உடைக்க நல்ல கேள்வி மட்டும் போதாது. பத்து முறை போய் உட்கார வேண்டும். பத்து முறை உட்கார்வது என்று ஆகிவிட்டால், பேட்டி எதற்கு?

இரண்டாவது வழி பழைய படங்களையும் நினைவுகளையும் கோப்பது. இதற்கு நல்ல முன்மாதிரி, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து புரூட்-ஐகோ அரசுக் குடியிருப்பைப் பற்றி சாட் பிரைட்ரிக்ஸ் 2011இல் எடுத்த படம். பதினோரு மாடிக் கட்டடங்கள் 33. 1950களின் நடுவில் ஆட்கள் குடியேறினார்கள், 1972லேயே வெடிவைத்துத் தகர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சிமெண்ட் கோபுரம் கட்டினால் இப்படித்தான் முடியும் என்று உலகமே கட்டடக் கலையைப் பழித்தது. படம் அதை ஒத்துக்கொள்ளாமல் பணக் கணக்கைப் பின்தொடர்கிறது: கட்ட மத்திய அரசு காசு கொடுத்தது, பராமரிப்புக்கோ வாடகையை மட்டும் நம்ப வேண்டியிருந்தது. நகரத்தை விட்டு ஆட்கள் போகப் போக வாடகையும் குறைந்தது. உதவித்தொகை விதிகள் வேலை செய்யத் தெம்புள்ள ஆணை வீட்டில் இருக்க விடவில்லை. முன்னாள் குடியிருப்பாளர்கள் இதையெல்லாம் சொல்கிறார்கள், அதே மூச்சில் அந்த இடத்தை எவ்வளவு நேசித்தோம் என்றும் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். காரணம், 124 வெள்ளி. அந்த வாடகையை வைத்துக்கொண்டு லிப்டையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்ள முடியாது என்று கணக்கு தெரிந்த யாருக்கும் புரியும். வாடகையை ஏற்றினால் இங்கே இருப்பவர்களால் கட்ட முடியாது என்பதும் புரியும். வெறுமனே நின்று பார்க்கும் கேமராவால் இந்த முடிச்சைக் காட்ட முடியாது. யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லை பழைய காகிதத்தைக் காட்ட வேண்டும்.

ஆனால் புரூட்-ஐகோவுக்குக் கிடைத்த குவியல் நமக்கு எங்கே? அவர்களிடம் அரசாங்க விளம்பரப் படம் இருந்தது, செய்திப் படம் இருந்தது, கட்டடம் சரியும் காட்சி பல கோணத்தில் இருந்தது. நம் ஊரில் 1946இல் தொடங்கிய அரசாங்கப் படப் பிரிவான மலாயன் பிலிம் யூனிட் எடுத்த படங்கள் இருக்கின்றன. எங்கள் தாத்தாவின் பலகை வீட்டை எதற்கு எடுத்திருக்கப் போகிறார்கள்? தமிழ் நேசன் பழைய இதழ்களைப் புரட்டலாம். 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றுபோன நாளிதழ் அது, தோட்டத்துச் செய்திகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அது எழுத்து, திரையில் எத்தனை நிமிடம் காட்டுவது?

அரைநாள் சோதனையாக வீடு வீடாகப் போய்ப் பழைய படம் கேட்டோம். கிடைத்தவை பெரும்பாலும் கல்யாண வீடியோ. வி.எச்.எஸ். நாடா, பாதிக்கு மேல் பூஞ்சை. ஓடிய ஒன்றில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னால் நாலு விநாடி ஒரு தகரக் கூரை, ஒரு கோழி, சாக்கடைமேல் போட்ட பலகை. அம்மா திரையைத் தொட்டு, "அதான்டா நம்ம வீடு" என்றார். அந்த நாலு விநாடியை நான் எப்படியும் படத்தில் வைப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் நாலு விநாடிகளை வைத்து இருபது நிமிடம் கட்ட முடியாது. ஒரு கிளைச் செய்தி: அண்மைக் காலம் என்றால் நிலைமை தலைகீழ். பிரிக்பீல்ட்ஸின் பழைய குடியிருப்பான நூறு குவார்ட்டர்ஸ் 2014இல் உடைபட்டபோதே எல்லார் கையிலும் போன் இருந்தது. 2021 கொரோனா ஊரடங்கில் உதவி கேட்டு வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டிய நாட்களின் படங்கள் எங்கள் புளோக் வாட்ஸாப் குழுவில் இன்னும் கிடக்கின்றன. அதைக் கேட்டு வாங்கினால் கொடுக்கிறார்கள். ஆகவே இந்த வழியை முழுதாக விடவில்லை, துணைக்கு வைத்திருக்கிறோம்.

மூன்றாவது கதைப் படம். நண்பனுக்குக் கொஞ்ச நாள் இந்த மயக்கம் இருந்தது. 2015இல் வந்த 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தின் கதையைச் சொல்லி, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அப்படியானால் நம்மாலும் முடியும் என்பது அவன் வாதம். கதையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது: யாருடைய முகமும் மாட்டாது. ஆனால் நடிகர், ஒத்திகை, ஒரு காட்சிக்காக நடைவழியை மூன்று மணி நேரம் மூடுவது என்று வந்தால் மற்ற குடும்பங்கள் என்ன செய்யும்? இருக்கும் ஒரே லிப்டை நாங்கள் பிடித்து வைத்துக்கொண்டால் மார்க்கெட் சாமானோடு வரும் பாட்டி எங்களைச் சும்மா விடுவாரா? எனக்கு இன்னொரு சலிப்பும் உண்டு. நம்மவர் எழுதும் பிளாட் கதை எப்படித் தொடங்கினாலும் பத்தாவது நிமிடத்தில் பாராங் கத்தி வந்துவிடுகிறது. நான் எழுதிய முதல் வரைவிலும் வந்தது. வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டோம். இதைத்தான் எடுத்துப் பார்க்கவே இல்லை.

பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்து அவர்களையே எடுக்க விடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை, அதற்குப் பட்டறை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். எங்களுக்குத் தெரியாது.

மிஞ்சியது வைஸ்மன் வழி: கேட்காதே, நின்று பார்.

ஒரு சனிக்கிழமை காலை புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றோம். முதல் ஒரு மணி நேரம் எதற்கும் உதவவில்லை. "எந்த டிவி?" "தேர்தல் வருதா?" "தம்பி, நம்ம பையன் நல்லா பாடுவான், எடுத்துக்கிறீங்களா?" பிள்ளைகள் லென்ஸுக்கு முன்னால் விரலைக் காட்டி ஆடினார்கள். இரண்டாவது மணி நேரத்தில் அலுத்துப்போய் அவரவர் வேலைக்குப் போனார்கள். அதன்பின் கிடைத்த எட்டு நிமிடம் வேறு. நாசி லெமாக் விற்கும் அக்கா மீதி முட்டையை எண்ணுகிறார். ஓர் இளைஞன் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கிறான், அவன் தாத்தா ஒவ்வொரு திருகாணியையும் குறை சொல்கிறார். மாடியிலிருந்து ஒருவர் "இடியப்பம் மிச்சம் இருக்கா?" என்று கத்துகிறார், கீழேயிருந்து பதில் மலாயில் போகிறது. பட்டுப்புடவை அக்கா வீட்டில் எடுத்த நாற்பது நிமிடத்தைவிட இந்த எட்டு நிமிடத்தில் பிளாட் அதிகம் இருந்தது.

தொழில்நுட்பமாகக் கற்றவை சில. வைஸ்மன் கேமராவைப் பிடித்ததில்லை, ஒலிப்பதிவைத்தான் தன் கையில் வைத்திருந்தார். மைக்கை எங்கே நீட்டினாரோ அங்கேதான் காட்சி. இது ஏன் என்று கீழ்த்தளத்தில் நின்றால்தான் தெரியும். மோட்டார் சைக்கிள், பாங்கு, மின்னல் எப்.எம். வானொலி, யார் வீட்டிலோ இடிக்கும் உரல் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும் இடத்தில் கேமராவோடு வரும் மைக் எதையும் பிடிக்காது. எங்கள் குழுவில் காசு போவதானால் முதலில் மைக்குக்குத்தான் போகும். இன்னொன்று வெளிச்சம். நடைவழிக் குழல்விளக்குகள் திரையில் துடித்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்ததும் துடிப்பு நின்றது. அரைநாள் காட்சி வீணான பிறகுதான் இது எங்களுக்கு உறைத்தது.

நேரக் கணக்கும் உண்டு. வைஸ்மன் படங்களுக்கு நூறு மணி நேர அளவில் காட்சி சேர்ந்தது, தொகுக்க மாதக்கணக்கில் உட்கார்ந்தார். நாங்கள் 20 மணி நேரம் எடுத்தாலே இருபது நிமிடத்துக்கு அறுபது பங்கு. வேலை முடிந்து வந்து இரவில் இதையெல்லாம் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். அதனால் பிளாட் முழுவதையும் எடுக்கும் ஆசையைக் கைவிட்டோம். ஒரு புளோக், ஒரு கீழ்த்தளம், விடியலிலிருந்து இரவு வரை.

இந்த வழியின் பெரிய ஆபத்து செலவோ நேரமோ இல்லை. பேட்டியில் ஆள் தான் காட்ட நினைப்பதை மட்டும் காட்டுகிறார். நின்று பார்க்கும் கேமரா அவர் மறைக்க நினைப்பதையும் பிடித்துவிடும். பி.பி.ஆர். வீட்டை மறுவாடகைக்கு விடக்கூடாது, தெரிந்தால் வீடு போகலாம். எங்கள் சோதனைக் காட்சி ஒன்றில், பெயரில் ஒருவர், குடியிருப்பில் வேறொருவர் என்பது இரண்டு வாக்கியத்தில் வெளிப்பட்டுவிட்டது. அவர்கள் கேமராவை மறந்து பேசினார்கள். நாங்கள் விரும்பியதும் அதைத்தானே? அன்று இரவே அந்தக் கோப்பை அழித்தோம். எந்தப் பி.பி.ஆர். என்று சொல்லாததற்கும் இதுதான் காரணம். சிகாகோக்காரர்களுக்கு இது போன்ற பயம் இருந்திருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் வைஸ்மன் படம் முடிந்ததும் ஊர் திரும்பினார். நாங்கள் மறுநாள் அதே லிப்டில் ஏற வேண்டும்.

ஆகவே வைஸ்மன் வழிதான், ஆனால் மூன்று திருத்தங்களோடு. காட்சியில் வரும் எல்லாருக்கும் தொகுத்த படத்தைப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்பதை வெட்டுவது. இது முதலும் முக்கியமும். அடுத்தது, வாடகைக் கணக்கை விளக்கக் குரல் சேர்ப்பதில்லை. வாடகை கட்டும் முகப்பில் ஒரு காலை நேரத்தை எடுக்க அனுமதி கேட்பது, கிடைக்காவிட்டால் ரசீதுகளை மேசைமேல் பரப்பி எடுப்பது. மூன்றாவது, அந்த நாலு விநாடித் தகரக் கூரை.

அனுமதி என்றதும் பினாஸ், அதாவது தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம், ஞாபகம் வரும். 1981 சட்டப்படி படத் தயாரிப்புக்கு உரிமமும் படப்பிடிப்புக்குச் சான்றுக் கடிதமும் உண்டு. 2020 ஜூலையில் சமூக ஊடகத்துக்கு எடுத்தாலும் உரிமம் வேண்டும் என்ற பொருளில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்லிக் குழப்பமாகி, தனிப்பட்ட பயனர்களுக்குத் தேவையில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. எங்கள் படத்தை 2003இல் தொடங்கிய ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் என்ற பட விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருப்பதால் 'போன்லதானே எடுக்கிறோம்' என்று ஒதுக்கிவிட முடியாது. முறையாகக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறோம். அதோடு புளோக் தலைவரிடமும் ஒரு கடிதம். நடைமுறையில் அவர் தலையாட்டினால்தான் கீழ்த்தளத்தில் ஸ்டாண்டை விரிக்க முடியும்.

ஒன்பதாவது மாடி அக்காவிடம் திரும்பப் போனேன். அந்தச் சவப்பெட்டிக் கதையைப் படத்தில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். யோசித்தார். "நீ எழுதிக்க. பேரு போடாத. படத்துல வேணாம்."

"குரல் மட்டும் வச்சுக்கலாமாக்கா? முகம் வராது."

"என் குரலு இந்த புளோக்ல யாருக்குத்தான் தெரியாது?" என்று சிரித்தார்.

சரி என்று வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கீழ்த்தளத்தில் தொடங்குகிறோம். நாசி லெமாக் அக்காவிடம் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குப் பட்டுப்புடவை வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னோம்.